நான்காம் நாள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் இல்லங்களில் வழங்கும் பழமொழி. விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். புதியவராய் வருபவரே விருந்தினர். அந்தப் புதுமை மூன்று நாளில் தீர்ந்துவிடும். முதல் நாள் இலை போட்டு உணவு படைப்பார்கள். இரண்டாம் நாள் குழம்பும் பொரியலும் இருக்கும். மூன்றாம் நாள் வீட்டார் தத்தம் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நான்காம் நாள் பொழுது விடியும்போது வந்தவர் புறப்பட வேண்டும். இல்லையேல் அந்த வீட்டு ஆளாகிவிட வேண்டும்.

கடல் கடந்து சென்று பிற நாட்டு மக்களிடையே தொண்டாற்ற விழைவோரை, பணியில் அமர்த்துவதற்கு முன்னர் அந்நாட்டுக் குடும்பம் ஒன்றில் சில மாதங்கள் தங்கவைத்துப் பயிற்றுவிக்கும் முறை இன்று உலகின் பல நாடுகளில் வழக்கில் இருக்கிறது. அதன் வரலாற்றை ஆராயப் புகுந்தால், அது பெரும்பாலும் இந்த நான்காம் நாளின் வரலாறாகவே நமக்குத் தோன்றுகிறது. மேற்கே ஏலமலையை நோக்கியிருக்கும் ராசிங்காபுரத்திலிருந்து இதனை எழுதுகிறோம். பிழைப்புக்காக மலையேறிப் பிறர் இடத்தில் தங்கி வாழ்வது எத்தகையது என்பதை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாய் அறிவார்கள். ஆகவே, இது நமக்குத் தொலைதூரத்துக் கதையன்று.

பழைய விதிகள்

இம்முறையின் வேர் மிகப் பழமையானது. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், ஆண்டவர் தம் சீடர்களை ஊர்களுக்கு அனுப்பும்போது பணப்பையோ மிதியடியோ எடுத்துச் செல்லலாகாது என்கிறார். ஒரே வீட்டில் தங்க வேண்டும், வீடு விட்டு வீடு மாறக்கூடாது, அங்கே கொடுப்பதை உண்ண வேண்டும் என்றும் பணிக்கிறார். அறிவிக்கச் செல்பவர் முதலில் இரந்து உண்பவராக வேண்டும் என்பது இதன் உட்பொருள். கையில் பை இருந்தால் அவர் கொடுப்பவர் ஆகிவிடுவார். பை இல்லாதவர் வீட்டாரின் கையை எதிர்பார்த்தே இருந்தாக வேண்டும்.

முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் 'திதாக்கே' என்னும் சிறு நூல், அதாவது பன்னிரு திருத்தூதர்களின் போதனை, பல நூற்றாண்டுகள் மறைந்திருந்தது. 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் அதன் பிரதி கண்டெடுக்கப்பட்டு, 1883-இல் அச்சேறியது. வந்து தங்குவோரைப் பற்றி அது கூறும் விதிகள் நம் பழமொழியை நினைவூட்டுகின்றன. ஊர் ஊராய்ச் செல்லும் திருத்தூதர் ஒரு நாள் தங்கலாம். தேவையானால் இன்னொரு நாள் தங்கலாம். மூன்று நாள் தங்கினால் அவர் போலி. புறப்படும்போது அடுத்த ஊர் வரைக்குமான அப்பத்தைத் தவிர வேறெதையும் பெறலாகாது. பணம் கேட்டால் அவரும் போலியே. வழிப்போக்கராய் வந்தவர் ஊரிலேயே தங்க விரும்பினால், தெரிந்த தொழிலைச் செய்து உண்ண வேண்டும். ஆதித் திருச்சபைக்கும் நம் பாட்டிமாருக்கும் ஒரே அனுபவம் ஒரே கணக்கைக் கற்பித்திருக்கிறது. மூன்று நாளுக்குப் பின் உழைப்பில் பங்கு கொள்ளாதவருக்கு வீட்டில் இடமில்லை.

மதுரையில் இரு வீடுகள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1606-ஆம் ஆண்டு நவம்பரில் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. 1595 முதல் அங்கே பணியாற்றிவந்த அருள்தந்தை கொன்சாலோ பெர்னாண்டஸ், முத்துக்குளித்துறையிலிருந்து மதுரைக்கு வந்திருந்த பரதவ கிறிஸ்தவர்களைப் பேணிவந்தார். பள்ளியும் மருந்தகமும் நடத்தினார். ஊராரோ அந்த வீட்டைப் பறங்கியர் வீடு என்று விலக்கினர்.

அந்த வீட்டிலிருந்தபடி மதுரையைக் கற்க இயலாது என்று நோபிலி கண்டார். தனியே மண்சுவரும் கூரையும் கொண்ட குடிலில் குடியேறினார். காவியுடுத்தினார், சோறும் காய்கறியும் நாளுக்கு ஒருவேளை உண்டார். தமிழைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடமும், வடமொழியைச் சிவதர்மர் என்ற அந்தண அறிஞரிடமும் பயின்றார். அவர் ஒரு குடும்பத்தோடு தங்கியவர் அல்லர். ஆயினும், இடத்தை மாற்றாமல் மொழியைக் கற்க முடியாது என்பதைத் தம் வாழ்வால் காட்டியவர். அவரது வழிமுறை குறித்து எழுந்த கடும் வழக்குகளுக்குப் பின், 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அதற்கு இசைவளித்தார்.

இதிலேயே ஒரு வேதனையும் உண்டு. ஒரு தெருவின் கதவு திறந்தபோது மற்றத் தெருக்களின் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. உயர்ந்தோர் எனப்பட்டோரிடையே துறவியாய் வாழ்ந்தவரால், தாழ்த்தப்பட்டோரின் குடிசைக்கு வெளிப்படையாகச் செல்ல இயலவில்லை. 1640-இல் பல்தசார் த கோஸ்தா 'பண்டாரசாமி' என்ற வேறொரு கோலம் பூண்டுதான் அம்மக்களிடையே பணியாற்றத் தொடங்கினார். ஒருவர் எந்தத் தெருவில் தங்குகிறாரோ அந்தத் தெருவின் கண்ணாலேயே ஊரைக் காண்கிறார். மதுரை மறைப்பணி நமக்கு விட்டுச்சென்ற இந்தப் பாடம் இன்றைய தொண்டர் பயிற்சிக்கும் அப்படியே பொருந்தும்.

கூடாரமும் குடும்பமும்

இருபதாம் நூற்றாண்டில் இம்முறைக்குப் புதுவடிவம் தந்தவர் அமெரிக்கர் டொனால்டு வாட். 1932-இல் அவர் அமெரிக்க இளைஞர் சிலரை ஐரோப்பிய இளைஞரோடு பழகச்செய்யும் நோக்குடன் சுவிட்சர்லாந்து முகாமுக்கு அழைத்துச் சென்றார். முகாம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. முகாமில் எவரும் விருந்தினர் அல்லர், வீட்டாரும் அல்லர். எனவே மறு ஆண்டு முதல் இளைஞரைக் குடும்பங்களில் தங்கவைத்தார். 'எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' என்ற அந்த அமைப்பின் வழியே 1934-இல் ஜெர்மனிக்குச் சென்ற மாணவர்களுள் ஒருவர் சார்ஜென்ட் ஸ்ரைவர் என்ற கத்தோலிக்க இளைஞர்.

இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1961 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் கென்னடி 'பீஸ் கோர்' எனப்படும் அமைதிப் பணிக்குழுவை நிறுவியபோது அதன் முதல் இயக்குநரானவர் இந்த ஸ்ரைவரே. பிரிட்டனில் 1958-இல் வி.எஸ்.ஓ. அமைப்பு தோன்றியிருந்தது. 1965-இல் ஜப்பானும் தன் இளைஞர்களை அனுப்பத் தொடங்கியது. 1970-இல் ஐக்கிய நாடுகள் சபை தன் தொண்டர் திட்டத்துக்கு வழிவகுத்தது. விடுதலை பெற்ற நாடுகளுக்கு இளைஞரை அனுப்புவது அக்காலத்தின் பெருங்கனவாக இருந்தது.

1961-இல் ஸ்ரைவர் புதுடில்லியில் நேருவைச் சந்தித்தார். நேருவின் மறுமொழியை ஸ்ரைவரே பின்னர் எடுத்துரைத்திருக்கிறார். இங்கு வரும் இளைஞர் இந்தியாவில் நிறையக் கற்றுக்கொள்வார்கள். அது அவர்களுக்கு நன்மை தரும் அனுபவமாக இருக்கும். ஆனால் அவர்கள் திரும்பும்போது பஞ்சாப் ஏறத்தாழ முன்பிருந்தவாறே இருந்தால் அவர்கள் மனம் உடைந்துவிடக் கூடாது என்ற கருத்தில் நேரு பேசினாராம். கொடுக்க வந்தவரிடம், நீர் பெறப்போகிறவர் என்று மெல்லிய புன்னகையோடு சொல்லிவிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் முதல் குழுவினர் 26 பேர் பஞ்சாபுக்கு வந்தனர். 1976-இல் இத்திட்டம் இந்தியாவில் முடிவுறும்வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே பணியாற்றினர். கோழிவளர்ப்பு, வேளாண்மை, ஊட்டச்சத்து, உடல்நலம் என்று அவர்களின் பணிகள் விரிந்தன.

தொடக்கக் காலத்தில் அவர்களுக்குப் பயிற்சி அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களிலேயே நடந்தது. மொழி வகுப்பும், போகும் நாட்டின் வரலாறும், தம் நாட்டின் வரலாறும் இருந்தன. பொதுவுடைமைக் கொள்கை பற்றிய விளக்கமும் உடற்பயிற்சியும் உளவியலார் சோதனையும் இருந்தன. போர்ட்டோ ரிக்கோவில் அமைத்த முகாமில் பாறை ஏறவும் நீந்தவும் பழக்கினார்கள். இத்தனையும் கற்றவர் ஒரு கிராமத்து வீட்டின் திண்ணையில் எவ்வளவு நேரம் அமரலாம், எப்போது எழ வேண்டும் என்பதைக் கற்றிருக்கவில்லை. நாளடைவில் அமைப்பினர் இதனை உணர்ந்தனர். 1960களின் பிற்பகுதியிலிருந்து பயிற்சி படிப்படியாகப் பணிசெய்யும் நாட்டுக்கே மாறியது. இன்று அவ்வமைப்பின் தொண்டர்கள் பொதுவாக முதல் மூன்று மாதமளவு ஒரு குடும்பத்தோடு தங்குகிறார்கள். பகலில் சிறு குழுக்களாய் மொழி வகுப்பு, மாலையில் வீடு.

அடுப்படித் தமிழ்

இம்முறையின் பயன் தமிழ் போன்ற மொழியில் பன்மடங்காகிறது. நம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வெவ்வேறானவை என்பதைப் பிறநாட்டார் வந்த முதல் நாளே அறிந்துகொள்வர். புத்தகத்தில் கற்றவர் நீர் அருந்த விரும்புவதாகச் சொல்லி நிற்பார். வீட்டிலுள்ள சிறுமி சிரித்து ஓடிவிடுவாள். 'தண்ணி குடுங்க' என்று கேட்க எந்த இலக்கண நூலும் அவருக்குச் சொல்லியிராது. அடுப்படியில்தான் அது கிடைக்கும். 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போவதுதான் விடைபெறும் முறை என்பதும், 'போறேன்' என்றால் வீட்டார் முகம் வாடும் என்பதும் வாசற்படியில் கற்கும் பாடங்கள்.

அதனினும் பெரியது உறவுமுறை. பெயர் சொல்லி அழைக்கும் நாட்டிலிருந்து வந்தவருக்கு, நம் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு முறையால் அழைக்கப்படுவது வியப்பாயிருக்கும். வந்தவரும் விரைவில் அண்ணனாகவோ அக்காவாகவோ ஆகிவிடுவார். அது வெறும் மரியாதைச் சொல் அன்று. அண்ணன் என்றால் தங்கையின் கல்யாணத்துக்கு நிற்க வேண்டும். அக்கா என்றால் தம்பியின் படிப்பை விசாரிக்க வேண்டும். முறை என்பது கடமைகளின் பட்டியல். அதை வகுப்பறையில் எழுதிக் காட்டலாம். சுமந்து பார்க்க ஒரு வீடு வேண்டும்.

மதுரை இதற்கு நெடுங்காலம் களமாக இருந்திருக்கிறது. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியைச் சார்ந்த ஷான்சி அமைப்பு, 1950களிலிருந்து இளைஞர்களை மதுரைக்கு அனுப்பிவந்தது. அமெரிக்கன் கல்லூரிக்கு அவ்வாறு வந்தவர்களுள் ஒருவரான ஜோசப் எல்டர், பின்னாளில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இந்தியச் சமூகத்தைக் கற்பிக்கும் பேராசிரியரானார். 'சவுத் இண்டியா டெர்ம் அப்ராட்' என்ற திட்டத்தில் வந்த அமெரிக்க மாணவர்கள் மதுரைக் குடும்பங்களில் தங்கித் தமிழ் பயின்றார்கள். வந்தவர்களின் பெயர்கள் அவர்தம் கல்லூரி ஏடுகளில் இருக்கின்றன. அவர்களுக்கு ரசம் ஊற்றியபடியே வினைச்சொல்லைத் திருத்திய தாய்மாரின் பெயர்களை நாம் எந்த ஏட்டில் தேடுவது?

நாமும் இதனை ஒருமுறை ஓரளவு பயின்றோம். குருமடத்தில் இறையியல் கற்ற காலத்தில், ஏலக்காட்டு வேலைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தோடு சில வாரங்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. வீட்டுத் தலைவி நம்மை எதையும் தொடவிடவில்லை. 'நீங்க சும்மா உக்காருங்க பிரதர், இது எங்க வேலை' என்று உண்ட தட்டையும் பறித்துக்கொள்வார். இருந்த ஒரே நாற்காலி நமக்கே. மூன்று நாள் இவ்வாறு கழிந்தது. நான்காம் நாள் விடியுமுன்னே ஜீப்புக்குப் புறப்பட்டவர், வாசலில் நின்று, 'பிரதர், தண்ணி வந்தா ரெண்டு கொடம் புடிச்சு வச்சிருங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று குழாயடியில் நின்றபோது தெருப் பெண்கள் நம்மை வரிசையில் நிற்கவைத்தார்கள். எவரும் வழிவிடவில்லை. அதைவிட மேலான வரவேற்பை நாம் பிறகு எங்கும் பெற்றதில்லை. ஏலக்காய் மறுபடி பறிப்புக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதும், அந்த இடைவெளியில் வீட்டில் கடன் எப்படி ஏறும் என்பதும் அதன் பின்னரே நம் காதில் விழுந்தன. விருந்தினரிடம் எவரும் கடனைப் பற்றிப் பேசுவதில்லை.

உதவியின் மறுபக்கம்

இம்முறையைப் போற்றுவதோடு நிறுத்திக்கொண்டால் வரலாற்றுக்கு நீதி செய்தவர் ஆகமாட்டோம். 1961 ஆகஸ்டில், வட அமெரிக்கத் துறவற சபைகள் தம் உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கினரை இலத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று உரோமையிலிருந்து வேண்டுகோள் வந்தது. அவ்வாறு செல்வோருக்கு மொழியும் பண்பாடும் கற்பிக்க, மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில் அதே ஆண்டு ஒரு நிலையம் தொடங்கினார் இவான் இலிச் என்ற குரு. நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ மக்களின் பங்கில் பணியாற்றி, அவர்களோடு பழகி ஸ்பானிய மொழி கற்றவர் அவர். ஒரு மொழியின் ஒலிகளைவிட அதன் மௌனங்களைக் கற்பதே கடினம் என்று அவர் போதித்தார். யார் முன் பேசாதிருக்க வேண்டும், எப்போது பதில் சொல்லாமல் காத்திருக்க வேண்டும் என்பதை அறியாதவர் அந்த மொழியை இன்னும் அறியாதவரே.

அவரே 1968 ஏப்ரலில், மெக்சிகோவுக்குத் தொண்டாற்ற வந்த வட அமெரிக்க மாணவர்களை நோக்கிக் கடுமையாகப் பேசினார். உங்கள் நல்லெண்ணம் இம்மக்களுக்குச் சுமையாகிறது, உதவுவோராய் வருவதை விட்டுக் கற்போராய் வாருங்கள் என்பதே அவ்வுரையின் சாரம். இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் வீட்டாரின் பக்கம் நின்று எண்ணிப்பார்த்தால் அதில் உண்மை இருப்பது விளங்கும். மூன்று மாதம் ஊட்டிப் பேசவைத்த பிள்ளை, பணி முடிந்ததும் விமானமேறிப் போய்விடும். வீட்டுக்கு உணவுச் செலவு கொடுக்கப்படுகிறது, உண்மைதான். அதில் தவறும் இல்லை. உழைத்தோருக்குக் கூலி உண்டு. ஆயினும் சோற்றுக்குக் கணக்கிட்ட தொகையில் சொற்களுக்கும் மௌனங்களுக்கும் விலை சேர்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. தங்கவைக்கும் வீட்டில் தொண்டருக்குத் தனியறை வேண்டும், அதற்குப் பூட்டு வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும் என்று அமைப்புகள் விதி வகுக்கின்றன. பாதுகாப்பைக் கருதினால் அது நியாயமே. ஆனால், நம் மலையடிவாரத்தில் ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்துறங்கும் வீடு அந்த நொடியே பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது. எஞ்சுவது உபரி அறை உள்ளவரின் வீடு. அது எந்தத் தெருவில் இருக்கும், எந்தச் சாதியாருடையதாக இருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டார் அன்பானவர்களாகவே இருக்கலாம். ஆனால் எந்தக் கிணற்றடிக்குப் போகலாம், யார் வீட்டில் காப்பி குடிக்கலாகாது என்பதையும் அவர்கள் தமிழோடு சேர்த்தே கற்பித்துவிடுவார்கள். கல்லாமலே கற்றுக்கொண்ட அந்தப் பாடத்தோடு தொண்டர் காலனிக்குள் நுழைவார். நோபிலி காலத்துச் சிக்கல் நானூறு ஆண்டு கடந்தும் நம் வாசற்படியில் அமர்ந்திருக்கிறது.

நம் முறை

இவற்றையெல்லாம் நாம் ஏன் இன்று எண்ண வேண்டும்? ஒரு காலத்தில் நாம் வீட்டாராகவும் பிறர் விருந்தினராகவும் இருந்தோம். இன்று தமிழகத்துக் குருக்களும் அருள்சகோதரிகளும் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பணியாற்றுகிறார்கள். நம் பிள்ளைகள் கடல் கடந்து செல்கிறார்கள். மறைப்பணிக்குச் செல்வோர் அம்மக்களின் மொழியையும் பண்பாட்டையும் ஆழக் கற்க வேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்தியது. ஐரோப்பியரை நோக்கிச் சொன்னதாக நாம் ஒருகாலத்தில் வாசித்த அச்சொற்கள் இன்று நம்மை நோக்குகின்றன. வேற்றூர் அடுப்படியில் தவறாகப் பேசி, சிறுபிள்ளைகள் சிரிக்க, அதையும் ஏற்றுக் கற்கும் பணிவு நம்மிடம் உண்டா?

மறுபக்கமும் இருக்கிறது. நம் கண்ணெதிரே நிற்கும் ஏலமலைத் தோட்டங்களில், தமிழகத்திலிருந்து செல்வோரோடு ஜார்க்கண்ட் போன்ற வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் இன்று உழைக்கிறார்கள். அவர்களைத் தொண்டர்கள் என்று எவரும் அழைப்பதில்லை. அவர்களுக்கு மூன்று மாத மொழிப் பயிற்சி இல்லை. அம்மா என்று அழைக்க ஒரு வீடும் இல்லை. பறிக்கும் காய்க்கும் பெறும் கூலிக்கும் தேவையான நாலைந்து சொற்களோடு அவர்கள் காலம் ஓடுகிறது. வெள்ளைத்தோல் கொண்டவர் வந்தால் நாற்காலி எடுத்துப் போடும் நாம், நமக்காக மலையில் உழைப்பவரின் பெயரைக் கேட்டிருக்கிறோமா?

தொண்டர் பயிற்சியின் வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டவர் மட்டுமே ஊரை அறிய முடியும். அந்த ஏற்பை அமைப்புகள் தர இயலாது. ஆணைகள் தர இயலாது. ஒரு வீட்டுப் பெண் மனம் வைத்துத்தான் அதனைத் தர முடியும். நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் தயங்கி நிற்கும் வேற்று மொழிக்காரர் இருந்தால், அவரை ஒருவேளை உணவுக்கு அழைப்போம். முதல் நாள் அவர் கூச்சத்தோடு உண்பார். மூன்று முறை வந்தபின், நான்காம் முறை அவரிடம் ஒரு வேலை சொல்லுவோம். வெங்காயம் உரிக்கச் சொல்லலாம். தண்ணீர் எடுத்துவரச் சொல்லலாம். அவர் அந்தக் குடத்தைத் தூக்கும்போது, அவர் நம் வீட்டைச் சேர்ந்தவர் ஆகிவிட்டார் என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.